மாதிரிக் கையெழுத்து

5, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. வேங்கிக்கால் வீட்டைப் பெருக்கித் துடைத்ததில் இடுப்பு வலி. அப்பா போனபிறகு அம்மா ஓசூரில் அக்கா வீட்டோடு. இங்கே பூட்டுதான் குடியிருக்கிறது.

வங்கிக் கணக்கு முடங்கி இரண்டரை மாதம். விவரங்களைப் புதுப்பிக்கவில்லையாம். போலந்திலிருந்து வாடிக்கையாளர் சேவைக்குப் பதினொரு தடவை போட்டேன். முதலில் பாட்டு, பிறகு "உங்கள் கிளையை அணுகவும்". கிளையில் போனை எடுப்பதே இல்லை. இங்கே பத்து மணி என்றால் அங்கே எனக்குக் காலை ஷிப்ட். மெஷின் பக்கத்தில் போன் கூடாது. கழிவறையில் நின்று பேசியிருக்கிறேன்.

வீட்டுக்கடன் தவணை அந்தக் கணக்கிலிருந்துதான் போகிறது. இரண்டு திரும்பிவிட்டது. மூன்றாவதும் திரும்பினால் இந்த வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள்.

திட்டம்: இன்று வங்கி. மாலை ஓசூர் பஸ். சனிவரை அம்மாவோடு. ஞாயிறு பெங்களூரில் விமானம்.

எடுத்துப் போனவை: பாஸ்போர்ட், விசா, ஆதார், பான், போட்டோ 4, பாஸ்புக், சொந்தப் பேனா.

டோக்கன் 41. முறை வரும்போது மணி ஒன்றேகால். கவுண்டரில் சுமதி மேடம். படிவம் கொடுத்தார், எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கையெழுத்து ஒத்துப் போகல சார். நாளைக்கு வாங்க."

"இன்னைக்கு ஏன் முடியாது?"

"சிஸ்டம் ஸ்லோ. நாளைக்கு நிதானமா போடுங்க."

பஸ் போச்சு.

6, செவ்வாய்

வெயில் ஜாஸ்தி. காலையில் இட்லி, கடையில். பேச ஆளில்லாமல் கடைக்காரரிடம் சட்னி பற்றி இரண்டு நிமிஷம் பேசினேன். எனக்கே வெட்கம்.

மூன்று படிவம். மூன்றும் ஒத்துப் போகவில்லை.

"ஃபாரின் போனதுல கையெழுத்தே மாறிப்போச்சா சார்?"

"எதோட ஒத்துப் பாக்கறீங்க, அதைக் காட்டுங்க."

"காட்டக் கூடாதுங்க. ரூல்."

அளவுகோலை ஒளித்து வைத்துக்கொண்டு அளவு தப்பு என்கிறார்கள். எங்கள் ஆலையில் எவனாவது இப்படி சென்சார் டெஸ்ட் பண்ணினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதைச் சத்தமாகவே சொன்னேன். பின்னாலிருந்து பூக்கார அம்மா ஒருத்தி, "யப்பா, நீ கத்தறது முடிஞ்சா சொல்லு, நான் பாஸ்புக்கு போட்டுக்கினு போவணும்." எல்லோரும் சிரித்தார்கள். மேடமும். நான் மட்டும் இல்லை.

மாலை பீரோவைக் குடைந்தேன். காலேஜ் ஹால் டிக்கெட் கிடைத்தது. அப்போது தமிழில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதிப் பழகினேன். என் கையெழுத்தை நானே காப்பி.

7, புதன்

பௌர்ணமி. மறந்தே போனேன். ஊருக்குள் பஸ், ஆட்டோ விடவில்லை. வங்கிவரை நடை. சுமதி மேடம் லீவு.

மேனேஜர்: "அவங்கதான் உங்க ஃபைல் பாக்கறாங்க. இன்னைக்கு வேற பௌர்ணமி, பாதிப் பேர் வரல. நாளைக்கு வாங்க தம்பி."

திரும்பி வரும்போது கிரிவலத்துக்கு ஜனம் உள்ளே வந்துகொண்டே இருந்தது. குடும்பம் குடும்பமாக. நான் ஒருத்தன் மட்டும் எதிர்த்திசையில். ஒரு அம்மா, "மலை இந்தப் பக்கம்பா" என்றாள். "தெரியும்மா" என்றேன். இன்று முழுக்க நான் பேசிய நல்ல வார்த்தை அவ்வளவுதான்.

அம்மா போனில்: "ஏம்பா, ஆபீஸ் வேலையா வந்தியா, என்னைப் பாக்க வந்தியா?"

"நாளைக்கு வந்துடறேன்."

"மூணு நாளா இதான் சொல்ற."

அங்கே இருந்தாலும் போன்தான். இங்கே வந்தும் போன்தான்.

8, வியாழன்

மேகமூட்டம். முதல் ஆளாக நின்றேன். டோக்கன் 1.

ஹால் டிக்கெட் கையெழுத்தைப் போட்டேன். அதுவும் ஒத்துப் போகவில்லை.

"அப்ப நான் யாருன்னு நீங்களே சொல்லுங்க மேடம்." கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை.

மேடம் பேனாவை மூடி வைத்தார். எழுந்து உள்ளே போனார். இருபது நிமிஷம். கணக்குத் தொடங்கியபோது வாங்கிய பழைய மாதிரிக் கையெழுத்து அட்டையோடு வந்து கண்ணாடிக்கு அந்தப்பக்கமே பிடித்தார். "நான் காட்டல. நீங்க பாக்கல."

கார்த்தி. என் பெயர்தான், தமிழில். கீழே ஒரு கோடு, கோட்டின் கீழ் இரண்டு புள்ளி.

அப்பாவின் கோடு. அப்பாவின் புள்ளிகள். என் ரேங்க் கார்டில் பன்னிரண்டு வருஷம் பார்த்தது.

கணக்குத் தொடங்கியபோது நான் கோயமுத்தூர் ஹாஸ்டலில். வரச் சொல்லியிருக்கிறார்கள், செமஸ்டர் என்று நான் வரவில்லை. படிவத்தை அனுப்பி வாங்கியிருக்கலாம். அப்பா அதற்கும் மெனக்கெடாமல் என் பெயரை அவரே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பணமெல்லாம் ஏடிஎம் அட்டையிலும் போனிலும் போய்வந்ததால் இத்தனை வருஷம் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்.

"என்ன சார், ஞாபகம் வந்துடுச்சா?"

உண்மையைச் சொன்னால் கணக்கே போய்விடும். வாயில் வந்ததைச் சொல்கிறவன் நான். சொல்லவில்லை.

"வந்துடுச்சுங்க. ஒரு ஃபார்ம் குடுங்க."

ஒரே தடவை. கோடு, இரண்டு புள்ளி. கை தானாகப் போனது.

"இதை மொதல்லயே போட்டிருக்கலாம்ல சார்."

9, வெள்ளி

தூறல். கணக்கு திறந்தாயிற்று, குறுஞ்செய்தி வந்தது. தவணை போய்விட்டது. நாளை இரண்டாம் சனி, வங்கி இல்லை. இன்று விட்டிருந்தால் அவ்வளவுதான்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. மேடம் புது அட்டை நீட்டினார். "இனிமே எப்பிடிப் போடுவீங்களோ அப்பிடி மூணு போடுங்க. பழசு கேன்சல்."

என் இங்கிலீஷ் கிறுக்கலைப் போடலாம் என்றுதான் பேனாவைத் திறந்தேன். மூன்று இடத்திலும் கோடு போட்டு இரண்டு புள்ளி வைத்தேன்.

பழைய அட்டையைக் கேட்டேன். தர முடியாதாம். ரூல். இந்தத் தடவை சண்டை போடவில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். சிரித்தாள். "அன்னைக்கு வந்து சொன்னாருப்பா. பையன் கையெழுத்து போட்டுட்டேன், ஒருத்தனும் கண்டுபிடிக்கலன்னு. ஒரே பெருமை." பிறகு போனை அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

10, சனி

ஓசூர் பஸ், காலை 6.10. ஜன்னல் சீட். அம்மாவோடு இருக்கப்போவது ஒரு பகல், ஒரு ராத்திரி.

போலந்து போனதும் செய்ய வேண்டியவை:
ஷிப்ட் மாற்றக் கேட்பது.
அறை வாடகை.
அங்குள்ள வங்கியில் கையெழுத்தை மாற்றுவது. அவர்களுக்கு எத்தனை நாள் ஆகுமோ.