அக்கா கொண்டு வந்த விதி

மார்ச் 3
காலேஜை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அக்கா இன்னும் குத்திக் காட்டுகிறாள். "எந்த வேலையிலடா நீ மூணு மாசம் தாங்கியிருக்க?" மைக் செட் கடையில் இது ஐந்தாவது மாசம். இந்தக் கணக்குகூடத் தெரியாதவள் நகராட்சியில் துணை ஆணையராம்!

மார்ச் 5
ஆணையர் பதவி காலி. பதினெட்டாம் தேதி நேர்காணல். போன தடவை அந்த நாற்காலியை ஏலம் விடாத குறையாக விற்றார்கள். வாங்கியவனின் மச்சினன் நேர்காணல் அறையிலேயே தண்ணீர் கொடுக்கிற ஆளாக நின்று கேள்விகளை வெளியே கடத்தினான். அதற்குப் பிறகுதான் அக்கா நாயாய் அலைந்து ஒரு விதி கொண்டு வந்தாள். சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு. நான் போனைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டுவேன்.

இந்தத் தடவை போட்டி அவளுக்கும் இளிச்சானுக்கும். எப்போதும் பல்லைக் காட்டுவதால் நான் வைத்த பெயர் அது. ஆள் நகராட்சித் தலைவரின் ஆள். தலைவர் தும்மினால் இவன் மூக்கைச் சிந்துவான்.

மார்ச் 14
நேர்காணலுக்கு மைக் எங்கள் கடைதான். முதலாளி சொன்னார்: "தலைவர் ஆபீஸ்ல உன்னையேதான் கேட்டாங்கடா. அந்தத் தம்பி வேலை சுத்தம்னாங்க."

என்னையா! அக்காவிடம் சொல்லவில்லை. உள்ளே வந்து பார்க்கட்டும், தம்பி என்ன வேலை செய்கிறான் என்று.

மார்ச் 18
போச்சு. எல்லாம் போச்சு.

இரண்டு பேரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டார்கள். என்னைப் பார்த்ததும் அக்கா முகம் செத்துப்போச்சு. இளிச்சான் ரொம்ப வருத்தப்படுகிறவன் மாதிரி எழுந்தான். "மன்னிக்கணும்... அந்த மைக் தம்பி மேடத்தோட கூடப்பிறந்தவர்தானே?"

அக்கா கொண்டு வந்த விதி அதுதான். தேர்வு அறையில் சொந்தக்காரன் எந்த வேலையில் இருந்தாலும், விண்ணப்பித்தவர் வெளியே.

"அவளுக்குத் தெரியாதுங்க! என்னைக் கூப்பிட்டதே தலைவர் ஆபீஸ்தான்!" கத்தினேன். முதலாளி வயரைச் சுற்றிக்கொண்டே, "அப்படி யாரும் சொன்னதா ஞாபகமில்லையே" என்றார்.

எலிகூட வடைக்குத்தான் பொறிக்குள்ள போகும். நான் எதுக்குப் போனேன்? ஒரு பாராட்டுக்கு!

மார்ச் 19
அக்கா பேசவில்லை. அம்மா மட்டும்: "அவ திட்டினாகூடப் பரவாயில்லடா."

மார்ச் 21
போலீஸில் புகார் கொடுக்கப் போனேன். "மைக் பிடிக்கக் கூப்பிட்டதுக்கு என்ன தம்பி கேஸ் போடுறது?"

மார்ச் 25
இளிச்சான் ஆணையர். நான் கடையை விட்டு நின்றுவிட்டேன்.

ஏப்ரல் 9
நகராட்சிக் கூட்டம். பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன். புது ஆணையரின் முதல் வேலை, அந்த விதியை நீக்கச் சொன்னது. காரணம் அக்காவாம்! "நல்லவங்களையே பலி வாங்குற விதி நமக்கெதுக்கு?" குரல் தழுதழுத்தது வேறு.

அக்கா எழுந்தாள். விதி இருக்கட்டும் என்றாள்.

ஒரு உறுப்பினர் சிரித்தார். "உங்களுக்கே ஆப்பு வெச்ச விதிம்மா அது!"

"ஆமா சார். என்னையே விடல. அப்போ வேற யாரையும் விடாது. அதனாலதானே எடுக்கப் பாக்குறீங்க?"

 விதியை நீக்கச் சம்மதிக்கிற உறுப்பினர்களைத் தலைவர் கை தூக்கச் சொன்னார். இரண்டு கைகள் தயங்கின. பிறகு அவையும் எழுந்தன. அக்கா மாதிரி அதிகாரிகளுக்கு ஓட்டு கிடையாது.

எல்லாக் கைகளும் இறங்கிய பிறகும் அக்கா உட்காரவில்லை.