மணிக்கட்டும் இரும்புக் குண்டும்

இன்று காலை ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவு வராந்தாவைக் கடந்தபோது ஈரமான மாவுக்கட்டின் வாசனை வந்தது. உள்ளே யாருக்கோ மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் ஆய்வுக்கூடம் அதே கட்டடத்தின் மாடியில்தான். தினமும் போகிற வழிதான். ஆனாலும் இன்று படியேறாமல் சுவரோரமாகச் சற்று நின்றுவிட்டேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போதுதான் உனக்கு எழுதத் தோன்றுகிறது.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நீ நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் வாங்கித் திரும்பும்போது ஈரத் தரையில் சறுக்கினாய். தடுமாறி வலக்கையை ஊன்றினாய், அவ்வளவுதான். அப்போது நாற்பதைத் தாண்டியிருந்த நம் வயதுக்கு அப்படி விழுந்தால் சிராய்ப்போடு போயிருக்க வேண்டும். உனக்கு மணிக்கட்டே முறிந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பின் அடர்த்தி எழுபது வயதுக்காரர்களுடையதைப் போல இருப்பதாகச் சொன்னார். உனக்கு முப்பத்தெட்டு வயதிலேயே கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து உடம்பில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது ஏறக்குறைய நின்றுபோனது. அதற்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கட்டுப் பிரித்த அன்று உன் வீட்டுக்காரர் உன் பெத்தாங்க் ஆட்டத்து இரும்புக் குண்டுகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய உன் அப்பா, கடற்கரைப் பக்க மைதானத்தில் அந்த ஆட்டத்தை ஆடிவந்தவர். நீயும் சின்ன வயதிலிருந்தே ஆடினாய். தரையில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்கு யார் இரும்புக் குண்டு பக்கத்தில் விழுகிறது என்பதுதான் ஆட்டம். உன் குண்டைப் பறக்கவிட்டு எதிராளியின் குண்டை அடித்து விரட்டுவதில் உனக்கு நிகராக அங்கே ஆண்களிலும் சிலரே இருந்தார்கள். பகலெல்லாம் தையல் மிஷினில் ரவிக்கை தைத்துவிட்டு, சாயங்காலம் நீ மைதானத்தில் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் வேறு ஆள் போல இருக்கும்.

"இனிமே எதையும் தூக்காத. கம்முனு உக்காரு. இன்னொரு தடவ ஒடஞ்சா என்னால தாங்க முடியாது" என்றார் உன் வீட்டுக்காரர். கோபத்தில் அல்ல, பயத்தில் சொன்னார். உனக்கும் அது தெரிந்ததால்தான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து என் ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்றாய்.

"நீ எலும்பு செல்லைத்தானேடி பாக்குற? என் கையில என்ன நடக்குதுன்னு காட்டு."

பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாம். உன்னிடம் சுற்றிவளைத்துப் பேச முடியாது. எலும்பு வெறும் கல் இல்லை என்றேன். அதற்குள் செல்கள் இருக்கின்றன, அவற்றைச் சுற்றி மெல்லிய நீர்மம் இருக்கிறது. நடந்தாலும் பாரம் தூக்கினாலும் அந்த நீர்மம் அசையும். செல்கள் அந்த அசைவை உணர்ந்து, இங்கே பலம் வேண்டும் என்று சேதி அனுப்பும். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அவை விழிப்பாக இருக்கும். அது போய்விட்டால் அதே பாரத்துக்குப் பதில் குறைந்துவிடும். எலும்பைக் கரைக்கும் செல்களின் கையோ ஓங்கும்.

எலும்புச் செல் வளர்த்த இரண்டு சின்னக் கிண்ணங்களை நுண்ணோக்கியில் காட்டினேன். செல் அசைவை உணர்ந்தால் ஒளிரும்படி இரண்டிலும் சாயம் சேர்த்திருந்தோம். ஒன்றில் ஈஸ்ட்ரோஜன் இருந்தது. மற்றதில் சில நாள் கொடுத்துவிட்டு நிறுத்தியிருந்தோம். மேலே நீர்மத்தை ஓடவிட்டதும் முதல் கிண்ணத்தில் செல்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. இரண்டாவதில் ஒளி மங்கலாக வந்தது. நீ கண்ணை எடுக்காமல் பார்த்தாய்.

"ரெண்டாவது நானா?"

"இது எலி செல்லுடி. உன் கையும் அச்சு அசல் இதேதான்னு சொல்ல முடியாது. ஆனா ஏறக்குறைய அப்படித்தான்."

"மங்கியிருக்கு. அணையலையே?"

"அணையல."

"அப்போ சும்மா உக்காந்தா அதுவும் போயிடும்."

கிண்ணத்தில் பார்த்ததை வைத்து உன் கையில் பாரம் ஏற்றச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. உன்னை டாக்டரிடமே அழைத்துப் போனேன். அவர் நீ சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். எலும்பு கரைவதைக் குறைக்கும் மருந்து எழுதினார். மருந்து ஒரு கை, பயிற்சி மறு கை, ஆனால் அவசரம் கூடாது என்றார். உன் வீட்டுக்காரரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

முதலில் ஈரத் துண்டைப் பிழிந்தாய். பிறகு தண்ணீர் பாட்டிலைத் தூக்கினாய். மாடிப்படி ஏறி இறங்கினாய். வலித்த நாட்களில் போனில் என்னைத் திட்டினாய், மறுநாள் மறுபடி ஆரம்பித்தாய். அடுத்த ஸ்கேனில் டாக்டர் படத்தை இரண்டு முறை பார்த்தார். "மேல கரையல. கொஞ்சம் கூடியே இருக்கு" என்றார். அன்று சாயங்காலம் உன் வீட்டுக்காரரே ஸ்டூல் போட்டு ஏறிக் குண்டுகளை இறக்கி, துணியால் துடைத்து உன் கையில் கொடுத்தார். "நாளைக்குக் கை வலிக்குதுன்னு வந்து சொல்லக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடம் மைதானத்தில் நடந்த போட்டியின் கடைசி ஆட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரு பக்கமும் சமம். எதிர் அணியின் குண்டு மரக்குண்டை உரசிக்கொண்டு கிடந்தது. உன் கையில் ஒரே குண்டு. பக்கத்தில் வைத்து ஜெயிக்க இடமே இல்லை, அடித்து விரட்டினால்தான் உண்டு. நீ எறிவதற்காகத் தரையில் போட்ட வட்டத்துக்குள் நின்று மணிக்கட்டை ஒருமுறை சுழற்றிப் பார்த்தாய். கை பின்னால் போய் முன்னால் வந்தது. இரும்பில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. அவர்கள் குண்டு தெறித்து ஓட, உன் குண்டு அது இருந்த இடத்திலேயே சுழன்று நின்றது. எதிர் அணியில், உன் அப்பாவைப் போலப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த வயதான சொல்தா ஒருவர் தொப்பியை எடுத்து, "பியேன் ஜுவே, மதாம்" என்று, நன்றாக ஆடியதாகப் பிரெஞ்சில் பாராட்டினார். உன் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உன் வலக்கையைத் தன் இரு கைகளிலும் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் பல வருடம் ஆடினாய். கடைசியில் ஒரு காலையில் உன் இதயம்தான் நின்றது. எலும்பு அதன்பின் உன்னைக் கைவிடவே இல்லை.

எனக்கும் இப்போது மாதவிலக்கு நின்றுவிட்டது. என் எலும்பும் கொஞ்சம் தேய்ந்திருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. முன்பென்றால் மாத்திரையை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது டாக்டர் சொன்னபடி பாரம் தூக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் தெருப் பெண்கள் நாலைந்து பேரோடு மைதானத்துக்கும் போகிறேன். போன வாரம் எங்கள் அணி, ஆண்கள் அணி ஒன்றைத் தோற்கடித்தது. எனக்குக் குறி இன்னும் சரியாக வருவதில்லை. ஆனால் என் முறை வந்தால் யாரும் கூப்பிடக் காத்திராமல் வட்டத்துக்குள் போய் நின்றுவிடுகிறேன்.