லோகாரியாங் வார்டு பச்சை

2022 செப்டம்பர் 5, திங்கள். காலை 9.40. துர்கானாவில் என் பொறுப்பில் உள்ள பதினான்கு வார்டில் பதின்மூன்று சிவப்பு. ஒன்று மட்டும் பச்சை: லோகாரியாங்.

மாதக் கணக்கு முடிந்தது. செயற்கைக்கோள் படத்தில் தரை எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று பார்க்கிறேன். பல வருஷச் சராசரியை விட ரொம்பக் குறைந்தால் அந்த வார்டு சிவப்பு. சிவப்பானால் அங்குள்ள குடும்பங்களுக்கு அரசாங்கத்தின் வறட்சிப் பணம் போனுக்கு வந்துவிடும். பச்சையானால் வராது. ஊர் சீஃப் சிபாரிசு, மச்சான் உறவு, ஆட்டுக்கால் லஞ்சம் எதுவும் நடக்காது. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் நைரோபி வேலையை விட்டு இங்கே லொட்வாருக்குத் திரும்பி வந்து இந்த வறட்சி அலுவலகத்தில் சேர்ந்தேன்.

மதியம் அப்புவா அக்கா போன் பண்ணினாள். அவள் இருப்பது லோகாரியாங்கில்தான்.

"டேய் எசெகோன், ஆத்துக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் பணம் வந்திருக்கு. என் போன் மட்டும் செத்துக் கிடக்குதே, ஏன்?"

"உங்க வார்டு பச்சையா இருக்குக்கா. அதான் வரல."

"யார் சொன்னா?"

"செயற்கைக்கோள்."

"அப்ப அதையே இங்க வந்து மேயச் சொல்லு."

வைத்துவிட்டாள். அவளுக்கு எப்போதும் ஒன்று பத்தாகத்தான் தெரியும்.

செப்டம்பர் 8

அக்கா மறுபடி மறுபடி அழைக்கிறாள். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? என் அக்கா என்பதற்காக எண்ணை மாற்ற முடியுமா?

செப்டம்பர் 10, சனி

எழுதியே ஆக வேண்டும்.

லோகாரியாங் மழைமானி இரண்டு வாரமாகத் தகவல் அனுப்பவில்லை. பேட்டரி மாற்ற பைக்கில் போனேன். மேட்டில் ஏறி நின்று பார்த்தால் ஆற்றங்கரை முழுக்கப் பச்சை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. நான் சொன்னது சரிதானே என்று ஐந்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இறங்கிப் போனேன். அத்தனையும் சீமைக் கருவேலம். முள். அடியில் ஒரு புல் கிடையாது. மண் சாம்பல் மாதிரி. மாட்டுத்தோல்கள் முள்கிளைகளில் காய்கின்றன — விற்க யாரும் இல்லாமல். பஞ்சத்தில் அதன் இனிப்புக் காயையே தின்ற ஆடுகளுக்குப் பல் சொத்தையாகிக் கொட்டிவிட்டது. வாயை ஒரு பக்கம் கோணி மென்றுகொண்டு நிற்கின்றன.

வானத்திலிருந்து பார்த்தால் புல்லும் பச்சை, முள்ளும் பச்சை. எனக்கு இது தெரியாதா? தெரியும். பாடப்புத்தகத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்.

அக்கா திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. தன் மகள் நகிருவைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். இரண்டு வயசுப் பிள்ளை. காலித் தண்ணீர்க் கேனைத் தூக்குகிற மாதிரி இருந்தது. போன தடவை என்னைப் பார்த்ததும் வீறிட்டு அழுதவள். இன்று அழவில்லை. அழவே இல்லை.

மச்சான் லோக்வாங் வாசலில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். "ஏண்டா, உன் செயற்கைக்கோள் மேல சுத்திச் சுத்தி மேயுதே, அதுக்கு நாக்குல முள்ளு குத்தலியா?"

மந்தையில் மிச்சம் பல் கொட்டிய கிடாய்கள்தான். கறவையில் ஒரே ஒரு வெள்ளாடு. அதன் பால் நகிருவுக்கு.

செப்டம்பர் 12, திங்கள்

முள் மூடிய நிலத்தை மட்டும் கணக்கிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். லோகாரியாங் சிவப்பு. சாதாரணச் சிவப்பு இல்லை, இருப்பதிலேயே மோசம்.

பிறகு பழைய மாதங்களையும் ஓட்டினேன். ஓட்டியிருக்கவே கூடாது. மூன்று வருஷமாகச் சிவப்பு! முள் பரவப் பரவப் படத்தில் பச்சை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அதாவது நிலம் சாகச் சாக எங்கள் கணினியில் அது செழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்று வருஷம் ஒரு வார்டுக்கே சோறு இல்லை என்று ஒரு படம் தீர்மானித்திருக்கிறது. யாருக்கும் தெரியாது. யாருமே தப்புப் பண்ணவில்லை! அதெப்படி?

செபெட் மேடத்திடம் காட்டினேன். அவர்தான் எங்கள் அலுவலகத்தின் தலைமை. பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை வேற யாருக்காவது காட்டினியா?"

"இன்னும் இல்ல."

"மூணு வருஷத்துக்கு யார் பதில் சொல்றது எசெகோன்? உன் தலையும் உருளும், என் தலையும் உருளும்."

"உருளட்டும் மேடம்."

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. பேசுவ."

கணக்குப் போடும் முறை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தானது. பணம் தருகிற வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசாமல் மாற்ற முடியாதாம். ஒரு வருஷம் ஆகும். ஒரு வருஷமா! நகிருவின் கை என் கட்டைவிரல் கனம்கூட இல்லை.

கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. நைரோபியிலிருந்து ஒரு பார்வையாளர் நேரில் வந்து பார்த்து எழுதினால் இந்த மாதமே மாற்றலாம் என்றார். என் முன்னாலேயே போனை எடுத்துப் பேசினார். 21ஆம் தேதி வருகிறார்கள்.

செப்டம்பர் 16

அக்காவிடம் சொன்னேன்: "பெரிய ஆளுங்க வர்றாங்க. உள்ளத உள்ளபடி காட்டுங்க. அவ்வளவுதான்."

"எத்தன பேரு வர்றாங்க?"

"நாலு பேர். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

ஏன் கேட்டாள் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 21, புதன்

முட்டிசியா என்பவர் வந்தார். நல்ல மனுஷன். வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோருக்கும் கை கொடுத்தார். ஊரே கூடியிருந்தது. ஆண்கள் தலையில் இறகு செருகிக்கொண்டு வந்திருந்தார்கள். கல்யாண வீடா இது?

"எப்படி இருக்கீங்க எல்லாரும்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கோம், ரொம்ப நல்லா இருக்கோம்!" ஒரே குரலில்.

வேறு என்ன சொல்வார்கள்? வந்தவன் நலம் கேட்டால் நல்லா இருக்கோம் என்றுதான் சொல்ல வேண்டும். கஷ்டத்தைப் பிறகுதான் பேச வேண்டும் — சாப்பிட்டு, உட்கார்ந்து, சாயங்காலமாக, மெல்ல. முட்டிசியா நைரோபிக்காரர். குறிப்பெடுத்துக்கொண்டார்.

அப்போது மச்சான் வெள்ளாட்டை இழுத்து வந்தார். அந்த வெள்ளாட்டை. நகிருவின் வெள்ளாட்டை. எத்தனை பேர் என்று அக்கா கேட்டது இதற்குத்தான்; துர்கானாவில் பிறந்த நான் அன்றே யோசித்திருக்க வேண்டாமா?

ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். "மச்சான், வேண்டாம். பட்டினின்னு எழுத வந்திருக்காங்க. கறி போட்டா என்ன எழுதுவாங்க?"

"கயித்த விடு."

"பிள்ளைக்குப் பாலு இதுதானே? பல்லு போன கிடாய்ல ஒண்ண அறுத்தா என்ன?"

"பல்லு போனத விருந்தாளிக்குப் போடுறதா? நைரோபில உனக்கு இதான் சொல்லிக் குடுத்தாங்களா? என் வாசலுக்கு வந்தவன் வெறும் வயித்தோட போனான்னு ஒரு பேரு எனக்கு வேணாம். ஆடு போனா போகட்டும்."

அக்காவைப் பார்த்தேன். நீயாவது சொல்லேன்! அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "தள்ளி நில்லுடா, சின்னப்பய மாதிரி மானத்த வாங்காத" என்றாள்.

அறுத்தார்கள். நாலு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். ஈரல் முட்டிசியாவுக்கு. எனக்கும் ஒரு துண்டு வந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தின்றேன்.

கஷ்டம் பேசுகிற நேரம் வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. இருட்டுவதற்குள் தார் ரோட்டுக்குப் போக வேண்டுமாம். பாதுகாப்பு விதி.

வண்டியில் சொன்னேன்: "சார், அவங்ககிட்ட இருந்த ஒரே கறவை அது."

அவர் நிஜமாகவே திடுக்கிட்டார். "யாருமே சொல்லலியே தம்பி. நான் கேட்டேனே. நல்லா இருக்கோம்னாங்களே."

"நான் சொல்றேன் இல்ல?"

"அந்த வீட்டம்மா உன் அக்காவாமே. உன் சாட்சிய நான் எழுத முடியாது. பார்த்தத மட்டும்தான் எழுத முடியும்."

வண்டிக்குள் கறி வாசனை.

செப்டம்பர் 27

அறிக்கை வந்துவிட்டது. "குடும்பங்களிடம் இறைச்சி உள்ளது. மக்கள் நலமாக இருப்பதாகக் கூறினர்." லோகாரியாங் பச்சை.

செப்டம்பர் 29, வியாழன்

அக்கா விறகு லாரியில் ஏறி வந்திருக்கிறாள், நகிருவோடு. மச்சான் இல்லை. மிச்சக் கிடாய்களை ஓட்டிக்கொண்டு எல்லை மலைக்குப் போய்விட்டாராம். மந்தைக் கொள்ளையில் அங்கே துப்பாக்கி வெடிக்காத வாரம் கிடையாது.

லொட்வார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அஜிகோன் என்ற நர்ஸ் நகிருவின் மேல்கையில் மெலிவை அளக்கிற ஒரு காகிதப் பட்டையைச் சுற்றினாள். பட்டையிலும் மூன்று நிறம் — பச்சை, மஞ்சள், சிவப்பு. நகிருவுக்குச் சிவப்பு.

"எந்த ஊரு?" என்றாள்.

"லோகாரியாங்."

"அங்கருந்தா? பாதிப் படுக்கை அந்த ஊருப் பிள்ளைங்கதான். என்னதான் நடக்குது அங்க?"

கட்டில்களை எண்ணினேன். மழைமானி இங்கே இல்லை, செயற்கைக்கோள் இங்கே இல்லை. பன்னிரண்டு கட்டில்கள். இத்தனை நாள் நான் தேடிக்கொண்டிருந்த எண் என் அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் மூத்திர நாற்றத்தோடு படுத்துக் கிடந்திருக்கிறது.

அக்கா கேட்டாள்: "அந்தப் பெரியவரு நல்லபடியா ஊரு போய்ச் சேர்ந்தாரா?"

கடவுளே.

செப்டம்பர் 30

விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஒரு வார்டில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் மெலிந்திருந்தால் படம் என்ன நிறம் காட்டினாலும் அது சிவப்புதான். இருக்கிறது! எழுதியே இருக்கிறது!

மேடத்திடம் ஓடினேன். "இத ஏன் இதுவரைக்கும் யாரும் பண்ணல?"

"அளந்தாத்தானே பண்ண முடியும்? அளக்கிற குழு சிவப்பு வார்டுக்குத்தான் போகும்."

"பச்சை வார்டுக்கு?"

"பச்சைனா எதுக்குப் போகணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

அக்டோபர் 2

நகிரு பால்மாவு இரண்டு ஸ்பூன் குடித்தாள். கக்கிவிட்டாள். மறுபடி ஒரு ஸ்பூன். என் விரலைப் பிடித்தாள் என்று அக்கா சொல்கிறாள். பிடித்த மாதிரிதான் இருந்தது.

அக்டோபர் 4, செவ்வாய்

காலையில் போனபோது அந்தப் படுக்கையில் வேறு பிள்ளை. அக்கா வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். துக்கத்துக்குத் தலையை மழித்துவிட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டியாடா?" என்றாள்.

நேரே அலுவலகம் போனேன். மேடம் என் முகத்தைப் பார்த்தார். வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார். அவர் டீ குடிப்பதில்லை.

இனி செய்ய வேண்டியவை:

1. நாளை விடியும் முன் லோகாரியாங். அஜிகோனும் இன்னும் இரண்டு நர்ஸ்களும் வர ஒத்துக்கொண்டார்கள். வீடு வீடாக எல்லாப் பிள்ளைகளின் கையையும் அளப்பது.

2. நான் அளக்கக் கூடாது. என் சாட்சி செல்லாது. வண்டி ஓட்டுவேன், முள் வெட்டி வழி விடுவேன்.

3. யார் வீட்டிலும் உட்காரக் கூடாது. தண்ணீர்கூட நாமே கொண்டுபோவது. வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

4. மூன்று வருஷக் கணக்கை என் பெயர் போட்டு நைரோபிக்கு அனுப்புவது. மேடத்தின் பெயர் வேண்டாம்.

5. எல்லை மலைக்கு ஆள் அனுப்பி மச்சானை வரச் சொல்வது. வரச் சொன்னால் மட்டும் போதும். ஏன் என்பதை நான் சொல்லிக்கொள்கிறேன்.