ஐந்தாவது எண்

செப்டம்பர் 4, வியாழன்

கிளினிக்கில் இன்று ஒரே ஒரு நாயைக் குளிப்பாட்ட மூன்று பேர் தேவைப்பட்டோம். நான் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள்தான். ஆனால் விலங்கு மருத்துவமனையில் அவரவர் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நாய் உடம்பை உதறியது, நான் குனிந்தேன், சட்டைப் பையிலிருந்த போன் தொட்டிக்குள் விழுந்தது. எட்டு வருடம் உழைத்த போன். ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு அடங்கிவிட்டது.

சாயங்காலம் போன் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் எடுத்த எடுப்பில் ப்ரீபெய்டா, கான்ட்ராக்டா என்று கேட்டாள். ப்ரீபெய்டு என்றால் போனை நானே முழு விலை கொடுத்து வாங்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். கான்ட்ராக்ட் என்றால் புது போன் கையோடு வந்துவிடும், மாதாமாதம் பில் வரும். ஆனால் இரண்டு வருடத்துக்கு அசைய முடியாது, நடுவில் விட்டால் அபராதம். இரண்டு தாளையும் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டாக்டரம்மா மேசை இழுப்பறையில் கிடந்த பழைய போனைக் கொடுத்திருக்கிறார். பட்டனை ஓங்கி அழுத்தினால்தான் எண் விழுகிறது.

செப்டம்பர் 5

செய்தி அண்ணன் காதுக்குப் போய்விட்டது. அவர் பேரில் ஒரு குடும்ப ஒப்பந்தம் இருக்கிறது. ஐந்து எண், ஒரே பில். பெரிய மகள் கல்யாணமாகிப் போன பிறகு ஐந்தாவது எண்ணுக்கு ஆளில்லை. “சும்மா கிடக்குதும்மா. நீ எதுக்குத் தனியா செலவழிக்கணும்?” என்றார்.

நியாயமான பேச்சு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கல்யாணம் முறிந்து இரண்டு பெட்டியோடு நான் அவர் வாசலில் நின்றபோது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தவர். இரண்டு தெரு தள்ளி எனக்கென்று இந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்ததும் அவர்தான். அன்றிலிருந்து அவர் வாயைத் திறப்பதற்குள் என் தலை ஆடிவிடும். இன்று ஆடவில்லை. பாக்கலாம்ணா என்று மென்று முழுங்கினேன்.

செப்டம்பர் 7

ஏன் ஆடவில்லை என்று இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

பில்லில் எந்த எண்ணோடு எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் பேசினோம் என்று எல்லாம் வரும். அண்ணன் முப்பது வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். மருந்துக்கடை ரசீதைக்கூட ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படிப்பார். என் பில்லில் ஒரே ஒரு எண் தினமும் மத்தியானம் ஒன்று பத்துக்கு வரும்.

பூனைக்காரருடைய எண்.

பஸ் ஓட்டுநர். போன வருடம் சீருடைக் கோட்டில் சுற்றி ஒரு மஞ்சள் பூனையைக் கொண்டுவந்தார். சர்க்கரை நோய், தினம் இரண்டு ஊசி போட வேண்டும். அவ்வளவு பெரிய பஸ்ஸை வளைத்துத் திருப்புகிற கை, அந்தச் சின்ன ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் திணறியது. போனில்தான் சொல்லிக்கொடுத்தேன். தோலை மெதுவா இழுங்க, இப்போ குத்துங்க, அவ்வளவுதான். பூனை தேறிவிட்டது. போன் நிற்கவில்லை. மனைவி இறந்து ஒன்பது வருடமாம். என் விடுமுறை நாட்களில் அவர் பஸ்ஸில் ஏறி, முதலிலிருந்து கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? எழுதும்போதே சிரிப்பு வருகிறது. நாற்பத்தேழு வயதில் இதை அண்ணனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

செப்டம்பர் 8

இரண்டு தாளையும் மறுபடி படித்தேன். பொடி எழுத்தெல்லாம் கான்ட்ராக்ட் தாளில்தான் இருக்கிறது.

செப்டம்பர் 11

மத்தியானம் பஸ் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்து பூனைக்காரரிடம் யோசனை கேட்டேன். அவர் ப்ரீபெய்டுதான். “ரெண்டு வருஷம் கழிச்சு நாம எங்க இருப்போமோ, இப்பவே எதுக்குக் கையெழுத்துப் போட்டுக்கிட்டு?” என்றார். அதற்குள் பஸ் எடுக்க நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

எங்க இருப்போமோவாம். அப்படின்னா என்ன அர்த்தம்? நாளைக்கே எங்கயாவது கிளம்பிடுவாரா? கிளம்பட்டும். நான் என்ன கேட்டேன் — போனைப் பத்திதானே கேட்டேன்? ஒரு வருஷமா தினம் பேசற மனுஷன் சொல்ற பதிலா இது?

செப்டம்பர் 13

அண்ணன் படிவத்தை நிரப்பியே கொண்டுவந்துவிட்டார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. பேனாவின் மூடியையும் கழற்றி நீட்டினார்.

வேண்டாம்ணா என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் பேர்லயே ஒரு எண் இருக்கட்டும் என்றேன்.

“என் பேர்ல இருந்தா என்னம்மா குறைஞ்சு போச்சு?”

சொல்லியிருக்கலாம். தேநீர் ஆறுதுண்ணா என்றேன். படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அவருக்கு நான் முடியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 15

அண்ணனிடமிருந்து போன் இல்லை. பூனைக்காரரோடு இரண்டே நிமிடம் பேசினேன், பூனையைப் பற்றி மட்டும்.

செப்டம்பர் 17

இன்று அண்ணி கிளினிக்குக்கு வந்தார். ஒரு முயலுக்கும் ஒரு நாய்க்குட்டிக்கும் நடுவில், கையில் எந்தப் பிராணியும் இல்லாமல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். உங்க பேஷன்ட் எங்கே என்று டாக்டரம்மா கேட்டதற்கு என்னைக் கை காட்டினார்.

பின்பக்கம் அழைத்துப் போனேன். அண்ணி நேரடியாக விஷயத்துக்கு வந்தார். நாலு மாதத்துக்கு முன் ஒருநாள் அவரும் அதே பஸ்ஸில் கடைசி சீட்டில் இருந்தாராம். “நீ திரும்பியே பாக்கல. அவரு கண்ணாடியில உன்னையே பாத்துக்கிட்டு ஓட்டறாரு. நான் உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டு வந்தேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அண்ணனிடம் அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. “அதைச் சொல்ல வேண்டியவ நீ. அவருக்குக் கோபமெல்லாம் இல்ல. தன்னை வேத்தாளா நெனச்சிட்டியேன்னு வருத்தம்” என்றார். போகும்போது முயலைத் தடவிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 20, சனி

சொல்லிவிட்டேன்.

அண்ணன் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்தது. நான் சொல்லி முடித்த பிறகும், ஏற்கெனவே இறுகிவிட்ட குழாயை இன்னும் இறுக்கிக்கொண்டே இருந்தார்.

எத்தனை நாளாக என்று கேட்டார். ஒரு வருடம் என்றேன். எந்த ரூட்டு என்றார். பதினாலு.

“ஆஸ்பத்திரி வழியா போறதா? அதுல ஒருத்தர் இருக்கார், பிரேக் போட்டா நிக்கறவங்க அசையக்கூட மாட்டாங்க.”

அவராகத்தான் இருக்கும் என்றேன். குரலில் வந்த பெருமையை அடக்கத் தெரியவில்லை. அண்ணன் திரும்பி, துணியில் கை துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

“பில்லைப் பாத்துக் கண்டுபிடிச்சிடுவேன்னு பயந்தியா?”

ஆமாம் என்றேன்.

“கண்டுபிடிச்சிருப்பேன்” என்றார்.

உள்ளே இருந்து அண்ணி சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மூன்று பேருமே சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அவரைச் சாப்பிடக் கூட்டிவரச் சொன்னார். போன் விஷயம், உன் இஷ்டம் என்றுவிட்டார்.

செப்டம்பர் 21

காலையில் இந்த நோட்டைப் புரட்டினேன். பதினொன்றாம் தேதி நான் கோபத்தில் எழுதியதை இன்றுதான் ஒழுங்காகப் படிக்கிறேன். நான் எங்க இருப்பேனோ என்று அவர் சொல்லவில்லை. நாம என்றிருக்கிறார். என்னையும் சேர்த்து, நாம. என் கையாலேயே எழுதி வைத்துவிட்டு பத்து நாள் முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்னைவிட அன்று கிளினிக் வரிசையில் இருந்த நாய்க்குட்டிக்குப் புத்தி அதிகம்.

உடனே போன் போட்டு, அன்னைக்கு நாமன்னு சொன்னீங்களே, அது யாரு என்று கேட்டேன்.

பூனையைக் கீழே இறக்கிவிடுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன டிப்போவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறாராம், புது வருடத்தில் கிடைத்துவிடும். நானும் வருவேனா என்று எப்படிக் கேட்பதென்று தெரியவில்லையாம். அந்த ஊரில் எந்தக் கம்பெனி டவர் எடுக்குமென்றும் தெரியவில்லையாம். “நீங்க போனைப் பத்திக் கேட்டீங்க. அதோட சேத்து இதையும் சொல்லிட்டதா நெனச்சிக்கிட்டேன்.”

அது சொன்னதா ஆகாது என்றேன்.

“சரி. இப்ப கேக்கறேன்” என்றார். கேட்டார்.

அவர் கேட்டதை இங்கே எழுதப்போவதில்லை. சரி என்று சொன்னேன் என்பதை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 24

சாதாரண போன் ஒன்று, என் பேரில், ப்ரீபெய்டு. மூன்றே மாதம் இருக்கப்போகிற ஊரில் இரண்டு வருடத்துக்கு யாராவது கையெழுத்துப் போடுவார்களா? கடைப்பெண் கடைசிவரை கான்ட்ராக்ட் தாளைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். பாவம், அவள் வேலை அது.

பிப்ரவரி 18, புதன்

இந்தக் கடற்கரை ஊரின் போன் கடையில் ஒரே கவுண்டர். இரண்டு எண், இரண்டு வருட ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டது நான். அவர் பக்கத்தில் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்தால் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டமும் நடையுமாக வந்தும் பயனில்லை, கொடியில் கிடந்த அவர் சீருடை தொப்பலாகிவிட்டது. நாளைக் காலை ஆறு மணிக்கு முதல் பஸ் அவருடையது. இப்போது இஸ்திரிப் பெட்டியை வைத்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறார். கொடுங்க, நான் செய்யறேன் என்றேன். எனக்குத் தெரியும் என்கிறார்.

தெரியவில்லை.