சனிவார் வாடா வாசலில்

கும்பகோணம்
12.11.1998

அடி கனகு,

சொல்லாமல் கிளம்பிவிட்டேன் என்று கோபித்து எழுதியிருக்கிறாய். கோபப்பட வேண்டியது யார்?

புனேயைச் சுற்றிக் காட்டுகிறேன், வா என்று நீதான் கூப்பிட்டாய். சனிவார் வாடா கோட்டைக்குப் போன அன்று, விடியற்காலையில் எழுந்து புளியோதரை கிளறியதும் நான்தான், பையைச் சுமந்ததும் நான்தான். சிநேகிதி வீடுதானே என்று செய்தேன். கோட்டை வாசலில் உன் மேல்வீட்டு அம்மாள் எதிரே வந்தாள். என் நூல் புடவையையும் பையையும் பார்த்துவிட்டு, யார் இது என்று உன்னைக் கேட்டாள்.

"ஹமாரி குக் ஹை" என்றாய், வாய் கூசாமல். எங்கள் சமையல்காரியாம்! எனக்கு ஹிந்தி தெரியாதென்றா நினைத்தாய்? பள்ளிக்கூடத்தில் பிரவேசிகா ஹிந்திப் பரீட்சைக்கு உன்னை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தவளே நானடி!

அதன் பிறகு நீ காட்டிய எதுவும் என் கண்ணில் படவில்லை.

மறுநாள் நீ குளிக்கப் போயிருந்தபோது அந்த அம்மாள் வந்து, என் வீட்டுக்கும் சமைக்க வருகிறாயா என்று கேட்டாள். உன் மானம் என் கையில் இருந்தது. "இந்த வீட்டு வேலையை இன்றோடு விட்டுவிட்டேன்" என்று நல்ல ஹிந்தியில் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தேன்.

வேறு ஆள் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பழைய சமையல்காரி