நீங்கள் நிரப்பிவைத்த டப்பாக்கள்

என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். உங்கள் நலத்தைப் பற்றி அடுத்த வரியிலேயே விசாரிப்பதுதான் முறை. அதைக் கடைசியில் விசாரிக்கிறேன். அதற்குள் கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே, "சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று முடித்துவிடுகிறீர்கள். காகிதத்துக்கு சிக்னல் தேவையில்லை என்பதால் இதில் எழுதுகிறேன்.

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. வாஷரை நானே மாற்றினேன். மகளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று விழுந்தது, அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் புது மேலாளர் வந்திருக்கிறார். வாழ்நாளில் ஊசியைக் கையால் தொடாத மனிதர், நரம்பு எப்படிப் பார்ப்பது என்று எனக்குப் பாடம் எடுக்கிறார். நல்ல செய்தி இவ்வளவுதான்.

கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்த என் இறால்கள் செத்துவிட்டன. இருநூற்றுக்கு மேல் இருந்தவற்றில் பதினொன்று மிச்சம்.

உடனே "அய்யோ பாவம்" என்று எழுதிவிடாதீர்கள். எப்படிச் செத்தன என்று முதலில் கேளுங்கள்.

நீங்கள் புது வேலை என்று வெளியூர் கிளம்பிய மூன்றாம் வாரம் ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு. பிறகு நாலு, ஐந்து. எல்லாம் ஒரே மாதிரி. ஓடு உரிக்கிற நேரத்தில் கழுத்துக்கும் முதுகுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு வளையம் விழும். பழைய ஓடு அந்த இடத்தில் சுற்றிலும் வெடித்து நின்றுவிடும். உள்ளே இருக்கிற உயிர் வெளியே வரப் பார்க்கும், முடியாது. அடுத்த நாள் கவிழ்ந்து கிடக்கும். இனம் சேர்த்து, அவற்றின் உடம்பில் அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டைகளை அப்படித் தெளிவாகக் கொண்டுவர எனக்கு நாலு வருஷம் ஆனது. ஆறே ஆறு இறாலில் ஆரம்பித்தேன் என்பது உங்களுக்கும் தெரியும். அந்தப் பிளாஸ்டிக் பையைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததே நீங்கள்தான்.

நான் எதைத்தான் பார்க்கவில்லை சொல்லுங்கள். பில்டரைக் கழற்றிக் கழுவினேன். தண்ணீரின் சூட்டைக் காலையும் மாலையும் பார்த்தேன். பக்கத்து வீட்டில் கொசு மருந்து அடித்தார்களா என்று போய்க் கேட்டு, அந்த அம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சுத்திகரித்த தண்ணீரில் ஓட்டுக்கான சத்துப் பவுடரைக் கலக்கும்போதெல்லாம், கரைந்த அளவைக் காட்டும் மீட்டரை விட்டுப் பார்த்தேன். நூற்று முப்பது. ஒவ்வொரு தடவையும் நூற்று முப்பது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை, அப்படியென்றால் வீட்டில் யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தேன்.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? மகளைப் பிடித்தேன். கையில் கிரீம் பூசிக்கொண்டு தொட்டிக்குள் விட்டாயா என்று கேட்டேன். "இல்லம்மா, நான் தொடவே இல்ல" என்றாள். பொய் சொல்லாதே என்று அடித்துவிட்டேன். முதுகில், இரண்டு அடி. அந்த அறைக்குள் காலை வைக்காதே என்றும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள்.

வீட்டில் பொய் சொன்னது அவள் இல்லை. அவள் வாங்கிய அடி உங்கள் கணக்கில் இருக்கிறது, என் கணக்கிலும் இருக்கிறது. என் பங்கை அவளிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துவிட்டேன். உங்கள் பங்கை நீங்கள்தான் தீர்க்க வேண்டும்.

போன சனிக்கிழமை ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைச் சின்னக் குழாயில் ஊற்றிச் சொட்டு மருந்து விட்டார். ஐந்தாவது சொட்டிலோ ஆறாவதிலோ நிறம் பச்சையாக மாற வேண்டும். இரண்டாவது சொட்டிலேயே மாறிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி செய்தார். அதே இரண்டு. "இதுல சத்தே இல்லம்மா. என்ன பவுடர் போடறீங்க?" என்று கேட்டார். உங்களிடம் வாங்கியதுதானே என்றேன். அவர் குழாயைக் கீழே வைத்தார். "எங்கிட்டயா? சார் எங்கிட்ட பவுடர் வாங்கியே ஏழெட்டு மாசம் ஆகுதே" என்றார்.

நீங்கள் வெளியூர் கிளம்பி இரண்டு மாதம்தான் ஆகிறது. எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், "ரெண்டு மாசம் முன்னால வந்தப்ப, வேலை போயிடுச்சுன்னு சொன்னாரும்மா. பரவால்ல சார், பவுடர எடுத்துட்டுப் போங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன். வேண்டாம்னுட்டார். காலி டப்பா இருந்தா ரெண்டு குடுங்கன்னு வாங்கிட்டுப் போனார்." சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு எதுவுமே தெரியாது என்பது அவருக்குப் புரிந்தது. பாவம், அந்த மனிதர் துணியை எடுத்து, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

என் புருஷனுக்கு வேலை போய்விட்டது என்பதை நான் மீன் கடையில் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் பவுடர் என்று மூன்று டப்பாவை வரிசையாக அடுக்கி, "ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல, போதுமா?" என்றீர்களே, அந்த டப்பா. நானும் மனம் குளிர்ந்துபோய், ஊருக்குப் போகிற அவசரத்திலும் நமக்காக இதைச் செய்கிறாரே என்று நினைத்தேன். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. சமையலறையில் இருக்கிற அதே உப்பு. கொஞ்சம் பழைய பவுடரும் கலந்திருந்தீர்கள் போல, கடைசியில் லேசாகக் கசந்தது. மீட்டருக்கு என்ன தெரியும்? எந்த உப்பைக் கரைத்தாலும் அதே நூற்று முப்பதைக் காட்டும். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தேடித் தெரிந்துகொண்டு செய்திருக்கிறீர்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

டப்பாவை அப்படியே வைத்துவிட்டு நேரே உங்கள் அக்கா வீட்டுக்குப் போனேன். ஏன் அங்கே போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கால் போனது. கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததுமே, "தெரிஞ்சு போச்சா?" என்றார். அப்புறம் நான் என்ன கேட்பது? ஆறு மாதம், காலையில் நீங்கள் வேலை பார்த்த கிடங்கின் பெயர் போட்ட நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீங்கள் போனது அந்த வீட்டுக்குத்தான். நான் விடியும் முன் எழுந்து கட்டிக் கொடுத்த சாப்பாட்டை அவர் வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். வேலை நின்றபோது கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தை, முதல் தேதி தவறாமல் சம்பளம் மாதிரி என் கையில் கொடுத்திருக்கிறீர்கள். அந்தச் சட்டைக்கு வாரம் தவறாமல் இஸ்திரி போட்டேன். காலர் நைந்திருக்கிறது, ஆபீஸில் புதுசு கேளுங்கள் என்றுகூடச் சொன்னேன். "கேக்கறேன்" என்றீர்கள். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னீர்கள்.

உங்கள் அக்கா என்னைச் சமாதானம் செய்யப் பார்த்தார். "நீ தாங்க மாட்டேன்னு தம்பி பயந்தான்" என்றார்.

நான் தாங்க மாட்டேனா? பதினான்கு வருஷமாக முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்து ஊசி குத்துகிறேன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறேன். என் அப்பா போனபோது மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டது யார்? நீங்கள் படியில் வழுக்கி விழுந்து மூன்று மாதம் படுத்திருந்தபோது இந்த வீடு எப்படி ஓடியது? அதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்த மனிதர், இவள் தாங்க மாட்டாள் என்று அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். வேலை போனது உங்கள் தப்பு இல்லை. கிடங்கையே மூடிவிட்டார்களாம், அக்கா சொன்னார். அதற்காக எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. உங்கள் அக்காவுக்குத் தெரியும், மீன் கடைக்காரருக்குத் தெரியும், கடையில் நின்ற இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. என்னை எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள்?

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மறைப்பது உங்களுக்குத்தான் கைவந்த கலை. ஒருநாள் தொட்டி முன்னால் நின்று, "கொஞ்ச நாளைக்கு இத நிறுத்தி வைக்கலாமா?" என்று கேட்டீர்கள். தண்ணீரில் இருப்பதையெல்லாம் காசு கொடுத்து வெளியே எடுத்துவிட்டு, மறுபடி காசு கொடுத்து உள்ளே போடுகிற ஒரே வீடு நம் வீடுதான் என்று நீங்கள் எப்போதும் கிண்டல் செய்வதால், இதுவும் அந்த வகை என்று நினைத்தேன். எனக்கென்று இருக்கிற ஒரே ஆசை, அதற்குக்கூட உங்களுக்கு மனசு வரவில்லையா என்று கத்திவிட்டு, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நீங்கள் சொல்லத்தான் வந்தீர்களோ என்னவோ. அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போது பேருந்தில் அதுதான் ஞாபகம் வந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஆனால் நான் கத்தினேன் என்பதற்காக நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? திருப்பிக் கத்தியிருக்கக் கூடாதா? "வேலை போச்சுடி" என்று ஒரு கத்து கத்தியிருந்தால் என் வாய் அங்கேயே அடைத்திருக்கும்.

இன்னும் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? திங்கட்கிழமை எங்கள் கூடத்தில் வேலை பார்க்கிற கெமிஸ்டிடம் இந்தப் பவுடரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். பழைய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கால்சியம் உப்பு ஒன்று, மெக்னீசியம் உப்பு ஒன்று. பேதி உப்பு என்று மருந்துக்கடையில் கொடுக்கிறார்களே, அதுதான் இரண்டாவது. இரண்டையும் ரசாயனக் கடையில் கிலோ கணக்கில் வாங்கலாம். நாம் இத்தனை நாளும் விலை கொடுத்தது அந்த லேபிளுக்கு. அளவு எழுதிக் கொடுத்தார், வாங்கி வந்தேன், நிறுத்துக் கலந்தேன், சொட்டு விட்டுப் பார்த்தேன். ஐந்தாவது சொட்டில் பச்சை. நீங்கள் அன்றைக்கு வாயைத் திறந்து, பவுடர் வாங்கப் பணமில்லை என்று சொல்லியிருந்தால், இதை நாம் இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து ஒரு மத்தியானத்தில் செய்திருப்போம். இருநூறு உயிரும் போயிருக்காது, ஆறு மாதப் பொய்க்கும் வேலையே இருந்திருக்காது.

மிச்சம் இருக்கும் பதினொன்றும் பிழைக்குமா என்று தெரியாது. புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் மாற்ற வேண்டும், அவசரப்பட்டால் அதிலும் செத்துவிடும். மற்ற இரண்டு தொட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். மகள் ஒத்தாசை செய்தாள்.

இந்தக் கடிதத்தில் இவ்வளவுதான் எழுத நினைத்தேன். ஆனால் நேற்று, அங்கிருந்து விடுமுறையில் வந்த உங்கள் அறைத் தோழர், நீங்கள் கொடுத்தனுப்பிய பார்சலைக் கொடுக்க வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். பேச்சுவாக்கில், அங்கே வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது. அவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், மனிதர் பார்க்க நல்லவராகத் தெரிகிறார். ஆனால் இதையும் நான் இன்னொருவர் வாயால் தெரிந்துகொள்ள மாட்டேன். இந்த வீட்டில் அது ஒரு தடவை நடந்தது போதும்.

நீங்கள் இரவெல்லாம் இருமுகிறீர்கள் என்று மட்டும் அவராகவே சொன்னார். மருந்து வாங்கி அவரிடமே கொடுத்திருக்கிறேன், ஒரு வேளைக்கு இரண்டு ஸ்பூன். இப்போது கேட்கிறேன், நலமாக இருக்கிறீர்களா? போனில் சொல்கிற நலம் எனக்கு வேண்டாம். வேலை இருக்கிறதா, இல்லையா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? கையில் என்ன இருக்கிறது? உள்ளது உள்ளபடி எழுதுங்கள். இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. நான் கத்துவேன். இரண்டு நாள் கத்துவேன், மூன்றாம் நாள் என்ன செய்யலாம் என்று யோசிப்பேன். என்னோடு இத்தனை வருஷம் இருந்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பி வருவது என்று முடிவு செய்தால் எந்த நாள், எந்த நேரம் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் அக்காவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் கொஞ்சமும் தீராத
உங்கள் மனைவி