படத்தைக் கொத்திய குருவி

எப்போது கூப்பிட்டாலும் "சொல்லும்மா" என்று திரும்பிப் பார்க்கும் என் அப்பாவுக்கு,

நம் செவிலிமேட்டு வீட்டில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உங்கள் படத்தைப் பின்பக்க வராந்தாவில், முருங்கை மரத்தைப் பார்த்தாற்போல் மாட்டியிருந்தோம். டவுன் பஸ் ஓட்டிவிட்டு வந்து நீங்கள் காலை நீட்டி உட்காரும் இடம். போன வாரம் ஒருநாள் விடிகாலையில் படத்துக்குப் பூமாலை மாற்றப் போனேன். ஒரு குண்டுக்கரிச்சான் சட்டத்தைத் தொற்றிக்கொண்டு உங்கள் முகத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. விடிந்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு பாடுமே, அந்தக் கறுப்பு வெள்ளைக் குருவிதான். விரட்டினேன். கிளைக்குப் போய்விட்டு மறுபடி பாய்ந்து வந்தது. கண்ணாடியில், உங்கள் கன்னத்தின் மேல் அதன் அலகிலிருந்து வடிந்த ரத்தம். அப்படியே நின்றுவிட்டேன் அப்பா. இவ்வளவு இனிமையாகப் பாடுகிற ஒன்றுக்குள் இத்தனை வெறியா?

பின்னால் அம்மா நின்றிருந்ததே தெரியவில்லை. "உங்கப்பாதாம்மா அது. வீட்ட வுட்டுட்டுப் போறோம்னு கோவமா கொத்திக்கினு இருக்காரு" என்றாள்.

உங்களுக்குத் தெரியாதே. வீட்டை விற்றுவிட்டு, அம்மாவை என்னோடு சென்னைக்கு அழைத்துப் போவதென்று நானும் தம்பியும் முடிவு செய்திருந்தோம். அன்று முழுவதும் அம்மா சாப்பிடவில்லை. குருவி வரும்போதெல்லாம் எழுந்து கைகூப்பினாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தார். அவர் வீட்டு ஸ்கூட்டர் கண்ணாடியையும் அது இப்படித்தான் கொத்தியதாம். துணி போட்டு மூடிய பிறகுதான் விட்டதாம். நம் பின்சுவர்ப் பொந்தில் குஞ்சுகள் இருப்பதைக் காட்டினார். கண்ணாடியில் தன்னையே பார்த்து, தன் இடத்தைப் பிடிக்க வந்த வேறு குருவி என்று நினைத்துச் சண்டை போடுகிறதாம்.

படத்தைக் கழற்றிக் கூடத்துக்குக் கொண்டுபோனோம். சற்று நேரத்தில் முருங்கையிலிருந்து பாட்டு கேட்டது. அம்மா தட்டெடுத்துச் சாப்பிட உட்கார்ந்தாள். பயம் தெளிந்துவிட்டது, இனிக் கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அது அப்பா இல்லன்னு தெரிஞ்சிபோச்சும்மா. ஆனா நான் எங்கயும் வரல."

ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"யாரு கேட்டீங்க?" என்றாள்.

ரத்தத்தைப் பார்த்தபோதுகூட நான் இப்படி அதிரவில்லை. உண்மையாகவே யாரும் கேட்கவில்லை அப்பா. விலை பேசினோம், சென்னையில் அவளுக்கு அறை ஒழித்து வைத்தோம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்களிடமாவது எதையாவது கேட்டிருக்கிறோமா?

வீடு வாங்க வந்தவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டோம். தம்பிக்கு வருத்தம்தான். ஞாயிறுதோறும் நான் வந்துவிடுவேன். அம்மா வாயால் சொல்லாமல் இந்த வீட்டுச் சாவி அவள் இடுப்பை விட்டு இறங்காது. இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் பெரிய பெண்,
வசந்தி